தோல் பயாப்சி அறிக்கையில் வரும் சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயாப்சி அறிக்கை கைக்கு வந்ததும் பலர் செய்வது ஒன்றுதான். அதிலுள்ள ஒவ்வொரு சொல்லையும் இணையத்தில் தேடி, வந்ததிலேயே மோசமான நோயைத் தன் நோயாக எடுத்துக்கொண்டு ராத்திரி முழுக்க விழித்திருப்பது. 'அகாந்தோசிஸ்' என்று ஒரு வரி இருந்தால் போதும், புற்றுநோயோ என்று வயிற்றைக் கலக்கும். ஒரே இடத்தை மாதக்கணக்கில் சொறிந்தாலே வருவது அது. இந்தச் சொற்களில் முக்கால்வாசி நோய்ப் பெயர்கள் இல்லை. மைக்ராஸ்கோப்பில் எந்த அடுக்கில் என்ன தெரிந்தது என்ற வர்ணனை மட்டுமே. அடுக்குகள் புரிந்துவிட்டால் சொற்களுக்கு மனப்பாடம் தேவைப்படாது. அதனால் முதலில் நல்ல தோல், பிறகு கெட்டுப்போன தோல்.

தோலுக்கு மூன்று அடுக்கு என்று படித்தோம். சில இடங்களில் ஐந்து என்று இருக்கிறதே?

இரண்டும் சரிதான், எண்ணுவதுதான் வேறு. தோலை முழுதாக எடுத்தால் மூன்று: மேல்தோல், அதன் கீழே உள்தோல், அதற்கும் கீழே தோலடிக் கொழுப்பு. அறிக்கையில் எபிடெர்மிஸ், டெர்மிஸ், சப்கியூட்டிஸ் என்று வரும். மேல்தோலை மட்டும் பார்த்தால் அதற்குள்ளேயே நான்கு அடுக்கு. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மட்டும் ஐந்தாவதாகக் கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய அடுக்கு கூடுதலாக இருக்கும்.

தடிமனும் இடத்துக்கு இடம் மாறும். கண்ணிமையில் மேல்தோல் சுமார் 0.05 மில்லிமீட்டர், உள்ளங்காலில் சுமார் 1.5 மில்லிமீட்டர். முப்பது மடங்கு வித்தியாசம். எந்த இடத்திலிருந்து எடுத்த தோல் என்று மருத்துவர் எழுத மறந்துவிட்டால் ஸ்லைடு பார்ப்பவருக்கு எரிச்சல் வருவது இதனால்தான். உள்ளங்காலில் இயல்பாக இருப்பது கன்னத்தில் இருந்தால் அது நோய்.

மேல்தோலுக்குள் இருக்கும் அடுக்குகள் என்னென்ன?

கீழிருந்து மேலே போவோம், செல்களும் அப்படித்தான் போகின்றன. மேல்தோலில் பத்தில் ஒன்பது பங்கு கெரட்டினோசைட் என்ற ஒரே வகைச் செல். அது அடியில் பிறந்து, மேலே தள்ளப்பட்டு, வழியில் உருமாறி, செத்து, கண்ணுக்குத் தெரியாத செதிலாக உதிர்கிறது. பிறப்பிலிருந்து உதிர்வது வரை ஏறக்குறைய ஒரு மாதம்.

அடி அடுக்கு ஒற்றை வரிசை. செல் பிரிவது இங்கேதான். அதன் மேல் முள் அடுக்கு. இந்தச் செல்களை ஒன்றோடொன்று கட்டிப்போடுவது டெஸ்மோசோம் எனப்படும் பொத்தான் போன்ற பிணைப்பு. ஸ்லைடு தயாரிக்கும்போது செல்கள் சுருங்குகின்றன, பிணைப்புகள் மட்டும் பிடியை விடுவதில்லை. அதனால் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே இழுபட்ட இழைகள் முட்களைப் போலத் தெரிகின்றன. உயிருள்ள தோலில் அப்படி முள் எதுவும் நீட்டிக்கொண்டு நிற்பதில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அதற்கு மேலே துகள் அடுக்கு. செல்கள் தட்டையாகி, உள்ளே கருநீலத் துகள்கள் நிறைந்திருக்கும். தண்ணீர் உள்ளே வராமலும் வெளியே போகாமலும் காக்கிற கொழுப்பைச் செல்கள் வெளியே கொட்டுவதும், உட்கரு கரைந்து மறைவதும் இந்தக் கட்டத்தில்தான். உச்சியில் கெரட்டின் அடுக்கு: செத்த, தட்டையான, உட்கரு இல்லாத செதில்கள்.

துகள் அடுக்கைத் தாண்டிய செல்லுக்கு உட்கரு இருக்கக் கூடாது. இந்த ஒரு வரியை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வேலைக்கு வரும்.

மேல்தோலில் வேறு செல்களே இல்லையா?

மூன்று விருந்தாளிகள் உண்டு. அடி அடுக்கில் சுமார் பத்துச் செல்லுக்கு ஒன்றாக மெலனோசைட் உட்கார்ந்திருக்கும். நிறமியைத் தயாரித்து, கிளைகளைப் போன்ற கைகளால் சுற்றியுள்ள முப்பதுக்கும் மேற்பட்ட கெரட்டினோசைட்டுகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது இதன் வேலை.

இரண்டாவது, முள் அடுக்கில் இருக்கும் லாங்கர்ஹான்ஸ் செல். 1868-இல் பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் இதைக் கண்டுபிடித்தபோது அவர் மருத்துவ மாணவர். தங்கக் குளோரைடு சாயத்தில் கிளை விரித்து நின்றதைப் பார்த்து நரம்புச் செல் என்று எழுதிவிட்டார். அது நோய் எதிர்ப்புப் படையின் காவலாளி என்பது தெளிவாக நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. தோலில் ஒட்டும் ஏதோ ஒரு பொருள் ஒத்துக்கொள்ளாமல் அரிப்பு வருகிறதென்றால், அந்தப் பொருளைப் பிடித்து நிணநீர்க் கணுவுக்குத் தகவல் கொண்டுபோவதில் இதற்குப் பெரும் பங்குண்டு.

மூன்றாவது மெர்கெல் செல், மென்மையான தொடுதலை உணர்வது. அறிக்கைகளில் அபூர்வமாகத்தான் வரும்.

கறுத்த தோலில் மெலனோசைட் அதிகமா?

இல்லை. உடலின் ஒரே இடத்தை ஒப்பிட்டால் எல்லா நிறத்தவருக்கும் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். நிறமிப் பொட்டலங்களின் அளவும், அவை செல்லுக்குள் பரவியிருக்கும் விதமும்தான் மாறுகின்றன. வெண்புள்ளியில் கதை வேறு: அங்கே மெலனோசைட்டே அழிந்துபோயிருக்கும். பிறவியிலேயே உடல் முழுதும் வெளுத்திருக்கும் அல்பினிசத்தில் மெலனோசைட் தன் இடத்தில் இருக்கும், ஆனால் நிறமி தயாரிக்க முடியாது. வெளியே இரண்டும் வெள்ளை. ஸ்லைடில் ஒன்றில் ஆளே இல்லை, மற்றதில் ஆள் இருந்தும் வேலை நடக்கவில்லை.

மேலாகக் கீறினால் சில சமயம் ரத்தமே வருவதில்லை, ஏன்?

மேல்தோலில் ரத்தக்குழாய் கிடையாது. அதற்கு வேண்டிய உணவு உள்தோலிலிருந்து ஊறித்தான் வருகிறது. கீறல் மேல்தோலோடு நின்றால் ரத்தமும் வராது, தழும்பும் விழாது. ரத்தம் துளிர்த்தால் உள்தோலைத் தொட்டாயிற்று என்று பொருள். பச்சை குத்திய மை ஆயுள் முழுக்க நிற்பதும் இதே கணக்குதான்: மை உள்தோலில் இருக்கிறது, உதிர்வது மேல்தோல்.

உள்தோலில் என்ன இருக்கிறது?

பெரும்பகுதி கொலாஜன் நார். அதன் ஊடே மீள்தன்மை தரும் நார்கள், ரத்தக்குழாய், நரம்பு, வியர்வைச் சுரப்பி, முடியின் வேர்ப்பை, எண்ணெய்ச் சுரப்பி. முடியின் வேரோடு ஒட்டிய ஒரு சின்னஞ்சிறு தசையும் உண்டு. குளிரிலோ பயத்திலோ அது சுருங்குவதைத்தான் புல்லரிப்பு என்கிறோம்.

சொற்களைப் புரிந்துகொள்ள முக்கியமானது மேல்தோலும் உள்தோலும் சேரும் எல்லை. அது நேர்கோடாக இருக்காது. இரண்டு கை விரல்களையும் கோத்துக்கொள்வது போல, மேல்தோலின் விரல்கள் கீழே இறங்கும், உள்தோலின் விரல்கள் மேலே ஏறும். இறங்குவதை ரீட்டி முகடு என்றும் ஏறுவதைப் பாப்பில்லா என்றும் அறிக்கை சொல்லும். வயதாக ஆக இந்தக் கோப்பு தட்டையாகிறது. முதியவர்களின் தோல் லேசாக உரசினாலே உரிந்து வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பயாப்சி எடுத்த பிறகு அந்தத் துண்டுக்கு என்ன நடக்கிறது? ஏன் சில நாள் ஆகிறது?

வழக்கமாக 3 அல்லது 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டக் கத்தியால் துண்டு எடுப்பார்கள். அழுகாமல் இருக்க 10 சதவீத ஃபார்மலினில் போடுவார்கள். பிறகு தண்ணீரை வெளியேற்றி, பாரஃபின் மெழுகை ஏற்றி, கட்டியாக்கி, 4 அல்லது 5 மைக்ரோமீட்டர் தடிமனில் சீவுவார்கள். தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லாத சீவல். அப்படியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, நிறமற்றிருக்கும். ஹீமடாக்சிலின், ஈயோசின் என்று இரண்டு சாயம் ஏற்றியதும்தான் உட்கரு ஊதாநீலமாகவும் மற்றவை இளஞ்சிவப்பாகவும் எழுந்து வரும். ஹீமடாக்சிலின் ஒரு மரத்தின் வைரத்திலிருந்து எடுக்கப்படும் சாயம். இத்தனை கருவிகள் வந்த பிறகும் தோல் நோயின் பெரும்பகுதி இந்த இரண்டு வண்ணத்தில்தான் படிக்கப்படுகிறது.

ஹைப்பர்கெரடோசிஸ், பாராகெரடோசிஸ்: இரண்டும் ஒன்றா?

ஹைப்பர்கெரடோசிஸ் என்றால் கெரட்டின் அடுக்கு தடித்துவிட்டது, அவ்வளவே. வேலை செய்து செய்து கை காய்த்துப்போகிறதே, அந்தக் காய்ப்பு ஹைப்பர்கெரடோசிஸ். கால் ஆணியும் அதுதான்.

தடித்த அடுக்கில் உட்கரு இல்லையென்றால் ஆர்த்தோகெரடோசிஸ்: அதிகமாகத் தயாரானாலும் முறைப்படி தயாரான கெரட்டின். உட்கரு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் பாராகெரடோசிஸ். நான் மறக்க வேண்டாம் என்ற வரி இங்கே வேலைக்கு வருகிறது. உட்கரு கரைவதற்கு நேரம் கொடுக்காமல் செல் மேலே ஓடிவந்துவிட்டது. அதாவது அடியில் உற்பத்தி அவசர அவசரமாக நடக்கிறது. அந்த அவசரத்தில் துகள் அடுக்கும் மெலிந்துபோகும். அதனால் பாராகெரடோசிஸ் உள்ள இடத்தில் துகள் அடுக்கைத் தேடினால் பெரும்பாலும் காணாது. வாயின் உட்புறம் போன்ற ஈரமான பரப்புகளில் மட்டும் உட்கரு இருப்பது இயல்பு.

'கூடைப் பின்னல்' போன்ற கெரட்டின் என்று எழுதியிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. நல்ல தோல் ஸ்லைடில் அப்படித்தான் தெரியும். நடுவிலிருந்த கொழுப்பு தயாரிப்பில் கரைந்துபோவதால் வந்த இடைவெளிகள் அவை.

அகாந்தோசிஸ், அகாந்தோலைசிஸ்: இவை எனக்குக் குழம்புகின்றன.

எல்லோருக்கும் குழம்பும். படிக்கிற காலத்தில் நானும் தேர்வுத் தாளில் ஒன்றுக்கு மற்றதை எழுதியவன்தான். கிரேக்கத்தில் அகாந்தா என்றால் முள். முள் அடுக்கு தடித்தால் அகாந்தோசிஸ். முள் செல்கள் ஒன்றையொன்று பிடித்திருந்த பிடி அவிழ்ந்தால் அகாந்தோலைசிஸ். முன்னது சொறிந்த தோலிலும் மருவிலும் சொரியாசிஸிலும் பார்க்கிற சாதாரண விஷயம். பின்னது அறிக்கையில் வந்தால் மருத்துவர் நிமிர்ந்து உட்காருவார்.

கழுத்திலும் அக்குளிலும் கறுத்துத் தடிக்கும் அகாந்தோசிஸ் நிக்ரிகன்ஸ் இந்தக் குழப்பத்துக்கு உரம் போடுகிறது. ஸ்லைடில் அகாந்தோசிஸ் கொஞ்சமாகத்தான் இருக்கும். கெரட்டின் தடிப்பும், பாப்பில்லாக்கள் விரல்போல் மேலெழுவதும்தான் தூக்கலாகத் தெரியும். கறுப்புக்கும் முக்கியக் காரணம் கெரட்டின்தான், நிறமி இல்லை. பெயரின் இரண்டு பாதியுமே முழு உண்மை சொல்லாத நோய்ப் பெயர்.

அகாந்தோலைசிஸில் அப்படி என்ன பயம்?

செல்கள் பிடியை விட்டால் நடுவே பள்ளம் விழும், அதில் நீர் கோக்கும், கொப்புளமாகும். பெம்ஃபிகஸ் வல்காரிஸ் நோயில் நடப்பது இது. டெஸ்மோசோமில் டெஸ்மோக்ளீன் 3 என்ற புரதம் இருக்கிறது. உடல் தன் சொந்தப் புரதமான அதற்கு எதிராகவே எதிர்ப்பொருள் தயாரிக்கிறது. அடி அடுக்குச் செல்கள் கீழே, மேல்தோலுக்கும் உள்தோலுக்கும் நடுவிலுள்ள எல்லைச் சவ்வை வேறுவகைப் பிணைப்பால் பிடித்திருப்பதால் அவை மட்டும் இடத்தை விடாது. பக்கத்துச் செல்லையும் மேல் செல்லையும் இழந்து, கல்லறைக் கற்களைப் போல வரிசையாகத் தனித்தனியே நிற்கும். மைக்ராஸ்கோப்பில் ஒருமுறை பார்த்தால் மறக்காத காட்சி. வாய்க்குள் டெஸ்மோக்ளீன் 3 ஏராளம், ஆகவே இந்த நோய் பெரும்பாலும் ஆறாத வாய்ப்புண்ணாகத் தொடங்குகிறது. ஸ்டீராய்டு வருவதற்கு முன் இது பெரும்பாலும் உயிரைப் பறித்த நோய். இன்று கட்டுக்குள் வைக்க முடிகிறது.

இதன் தம்பி பெம்ஃபிகஸ் ஃபோலியேசியஸ். அங்கே இலக்கு டெஸ்மோக்ளீன் 1. அது மேல்தோலின் மேற்பகுதியில் அதிகம் என்பதால் பிளவும் அங்கேயே விழும், கொப்புளம் தங்காது, உடைந்து பொருக்குதான் மிஞ்சும், வாய் தப்பிக்கும். வேடிக்கை என்னவென்றால், குழந்தைகளுக்குத் தோல் வெந்தாற்போல் உரிய வைக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமியின் நச்சும் இதே டெஸ்மோக்ளீன் 1-ஐத்தான் வெட்டுகிறது. நோய்கள் இரண்டு, காரணங்கள் இரண்டு, அறுந்த கயிறு ஒன்று. அதனால்தான் பிளவு ஒரே உயரத்தில் விழுகிறது.

கொப்புளம் எந்த உயரத்தில் என்பதற்கு அவ்வளவு முக்கியத்துவமா?

கொப்புள நோய்களில் முதல் கேள்வியே அதுதான். மேல்தோலுக்குள் பிளந்தால் கூரை மெல்லியது, கொப்புளம் தொளதொளவென்று இருந்து சீக்கிரம் உடையும். மேல்தோலுக்கும் உள்தோலுக்கும் இடையே பிளந்தால் முழு மேல்தோலும் கூரையாகிறது. கொப்புளம் விறைப்பாக, நாள்பட நிற்கும். வயதானவர்களுக்கு வரும் புல்லஸ் பெம்ஃபிகாய்டு இந்த இரண்டாவது வகை. எதிர்ப்பொருள் தாக்குவது எல்லைச் சவ்வோடு அடிச்செல்லைக் கட்டும் பிபி180, பிபி230 என்ற புரதங்களை. சுற்றிலும் ஈயோசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் குவிந்திருக்கும்.

இம்யூனோஃப்ளூரசன்ஸ் என்று இன்னொரு துண்டு கேட்கிறார்களே?

எதிர்ப்பொருள் எங்கே படிந்திருக்கிறது என்று ஒளிரும் சாயத்தால் பார்க்கும் சோதனை அது. பெம்ஃபிகஸில் செல்களைச் சுற்றி வலை விரித்ததுபோல் ஒளிரும்; பெம்ஃபிகாய்டில் எல்லையில் ஒரே கோடாக ஒளிரும். இந்தத் துண்டைக் கொப்புளத்தின் மேலிருந்து எடுக்கக் கூடாது, ஒட்டியுள்ள நல்ல தோலிலிருந்து எடுக்க வேண்டும். ஃபார்மலினில் போட்டால் கெட்டது கதை, சோதனையே பலிக்காது. இதற்கென்று உள்ள மிஷெல் கரைசலில் அனுப்ப வேண்டும். இரண்டு துண்டு, இரண்டு புட்டி என்பது வீண் செலவில்லை.

ஸ்பாஞ்சியோசிஸ்?

மேல்தோல் செல்களுக்கு இடையே நீர் கோத்து, பஞ்சுபோல் விரிவது. பிடி அவிழவில்லை, பிடித்தபடியே இழுபடுகிறது; அகாந்தோலைசிஸோடு வித்தியாசம் அதுதான். இழுபட்டு இழுபட்டு அறுந்தால் சின்னச்சின்ன நீர்க்கொப்புளம். எக்ஸிமா எனப்படும் கரப்பானின் முத்திரை இது. ஆனால் என்ன காரணத்தால் வந்த கரப்பான் என்பதை ஸ்லைடு சொல்லாது. ஒவ்வாமையா, பிறவி உலர்தோலா, மருந்தா என்று நோயாளியைக் கேட்டுத்தான் தெரிய வேண்டும்.

லைக்கனாய்ட், இன்டர்ஃபேஸ், நிறமிக் கசிவு: இவை ஒரே அறிக்கையில் வந்தால்?

ஒரே சம்பவத்தின் மூன்று பக்கங்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். லிம்ஃபோசைட் என்ற வெள்ளணுக்கள் மேல்தோலின் அடிவிளிம்பைத் தாக்கினால் அது இன்டர்ஃபேஸ் மாற்றம். அவை விளிம்பை ஒட்டிப் பட்டையாக அப்பிக்கொண்டால் லைக்கனாய்ட். செத்த அடிச்செல்கள் இளஞ்சிவப்பு உருண்டைகளாகக் கிடக்கும், சிவாட் உருண்டைகள் என்று பெயர். அந்தச் செல்களிலிருந்த நிறமி கீழே உள்தோலுக்குள் கொட்டி, அங்குள்ள விழுங்கு செல்களில் மாட்டிக்கொள்வதே நிறமிக் கசிவு. மேல்தோலில் இருக்கும் நிறமி மாதத்தில் உதிர்ந்துவிடும். உள்தோலில் விழுந்தது உதிர வழியில்லை. இந்த மாற்றங்களைக் காட்டும் லைக்கன் பிளானஸ் என்ற அரிப்பு நோய் ஆறி, அரிப்பெல்லாம் நின்ற பிறகும் சாம்பல் கலந்த கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் போகாமல் நிற்பதன் காரணம் இதுவே. மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து மருத்துவரை மாற்றுபவர்கள் உண்டு, பாவம்.

'அழற்சிச் செல்கள் ஊடுருவியுள்ளன' என்றால்?

எந்தச் செல் என்று அடுத்த சொல்லைப் பாருங்கள். லிம்ஃபோசைட் என்றால் பெரிதாக ஒன்றும் தெரியாது, ஏறக்குறைய எல்லாவற்றிலும் வரும். நியூட்ரோஃபில் என்றால் சீழ், கிருமி, சொரியாசிஸ், ரத்தக்குழாய் அழற்சி என்று யோசிக்க வேண்டும். ஈயோசினோஃபில் என்றால் மருந்து ஒவ்வாமை, பூச்சிக்கடி, பெம்ஃபிகாய்டு.

கிரானுலோமா என்றால் விழுங்கு செல்கள் கூட்டாகத் திரண்டு ஒரு பொருளை முற்றுகையிட்டிருக்கின்றன. காசநோய், தொழுநோய், பூஞ்சை, உள்ளே தங்கிய முள் என்று பட்டியல் நீளும். தொழுநோயில் இந்தக் கூட்டம் நரம்பை ஒட்டி நீளவாக்கில் கிடக்கும். எதிர்ப்புச் சக்தி நன்றாக உள்ளவருக்குக் கிரானுலோமா திடமாக இருக்கும், கிருமி கிடைப்பதே அரிது. சக்தி குறைந்தவருக்கு நுரைபோன்ற விழுங்கு செல்களுக்குள் கிருமிகள் கொத்துக்கொத்தாக இருக்கும். ஃபைட் சாயத்தில் சிவப்புக் குச்சிகளாகத் தெரியும். 1873-இல் நார்வேயில் ஹான்சன் கண்ட அதே குச்சிகள்.

ஒரு அறிக்கையை வரி வரியாகப் படித்துக் காட்ட முடியுமா?

இப்படி ஒன்று வந்ததாக வைத்துக்கொள்வோம்: 'தொடர்ச்சியான பாராகெரடோசிஸ், அதனுள் மன்றோ நுண்சீழ்க்கட்டிகள். துகள் அடுக்கு மெலிந்துள்ளது. சீரான அகாந்தோசிஸ். பாப்பில்லாக்களுக்கு மேலுள்ள மேல்தோல் மெலிந்துள்ளது. பாப்பில்லாக்களில் விரிந்து நெளிந்த ரத்தக்குழாய்கள். பிஏஎஸ் சாயத்தில் பூஞ்சை இல்லை.'

பாராகெரடோசிஸும் மெலிந்த துகள் அடுக்கும் சேர்ந்து வந்ததால், செல்கள் அவசரமாக மேலே ஓடுகின்றன. ஒரு மாதப் பயணம் இங்கே ஒரு வாரத்துக்குள் முடிகிறது. சரியாக ஒட்டாத அந்தச் செதில்களுக்கு நடுவே காற்று புகுந்துகொள்ளும். வெளிச்சம் பட்டால் வெள்ளிபோல் மின்னும். மன்றோ கட்டி என்பது கெரட்டின் அடுக்கில் சிறு குவியலாகச் சேர்ந்த நியூட்ரோஃபில்கள். சீரான அகாந்தோசிஸ் என்றால் ரீட்டி முகடுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இறங்கியுள்ளன. சொறிந்து வந்த தடிப்பில் அவை ஒன்று நீளம் ஒன்று குட்டை என்று இருக்கும்.

அடுத்த இரண்டு வரிகளைச் சேர்த்துப் படியுங்கள். பாப்பில்லாவில் விரிந்த ரத்தக்குழாய், அதன் மேலே மெல்லிய கூரை. செதிலை நகத்தால் சுரண்டினால் குண்டூசி முனையளவு ரத்தப் புள்ளிகள் வருமே, ஆஸ்பிட்ஸ் அடையாளம் என்பார்கள், அது இந்த இரண்டு வரிதான். கடைசி வரி ஏன்? கெரட்டின் அடுக்கில் நியூட்ரோஃபிலைக் கண்டால் பூஞ்சையையும் தேடு என்பது பழகிய கண்ணின் பழக்கம். படர்தாமரையும் சில சமயம் இப்படி வேஷம் போடும். இத்தனையும் சேர்ந்தால் சொரியாசிஸ். எந்த ஒரு வரியும் தனியாகச் சொரியாசிஸ் இல்லை.

டிஸ்பிளேசியா, இன் சிட்டு என்றிருந்தால் புற்றுநோயா?

அட்டிப்பியா என்பது செல்லின் தோற்றம் ஒழுங்கு தவறியிருப்பது. அழற்சியிலும் வரலாம். டிஸ்பிளேசியா என்றால் செல்லோடு அடுக்கின் ஒழுங்கும் குலைந்திருக்கிறது, கவனிக்க வேண்டியது. பெயர் ஒலியில் ஒத்திருந்தாலும் டிஸ்கெரடோசிஸ் வேறு, அது செல் தன் அடுக்குக்கு முன்பாகவே கெரட்டினாவது.

இன் சிட்டு என்றால் கெட்ட செல்கள் மேல்தோலுக்குள்ளேயே இருக்கின்றன, எல்லைச் சவ்வைத் தாண்டவில்லை. மேல்தோலில் ரத்தக்குழாய் இல்லை என்றேன், நிணநீர்க் குழாயும் இல்லை. பரவ வாகனம் கிடையாது. முழுதாக வெட்டி எடுத்தால் விஷயம் அங்கேயே முடியக்கூடியது. தாண்டிவிட்டால் எவ்வளவு ஆழம் என்பது கேள்வி. மெலனோசைட்டில் தொடங்கும் புற்றுநோயான மெலனோமாவில் துகள் அடுக்கின் உச்சியிலிருந்து மிக ஆழமான புற்றுச் செல் வரை மில்லிமீட்டரில் அளப்பார்கள். 1970-இல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ முன்வைத்த அளவு. 1, 2, 4 மில்லிமீட்டர்கள் கட்டம் பிரிக்கும் எல்லைகள். இந்த எண் அறிக்கையில் இருந்தால் அதைத்தான் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

'குறிப்பிட்ட நோயைச் சுட்டும் மாற்றம் இல்லை' என்று வந்தால் பயாப்சி வீணா?

எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனாலும் வீணில்லை. புற்றுநோய் இல்லை, பூஞ்சை இல்லை, பெம்ஃபிகஸ் இல்லை என்பதும் விடைதான். சில சமயம் எடுத்த நேரமோ இடமோ பொருந்தியிருக்காது: சொறிந்து புண்ணான இடம், ஏற்கெனவே ஸ்டீராய்டு களிம்பு தடவிய இடம், பழைய கொப்புளம். பூஞ்சைக்கு ஸ்டீராய்டு தடவியிருந்தால் ஸ்லைடும் குழம்பும். என்னென்ன தடவினீர்கள் என்று கேட்டால் வெட்கப்படாமல் எல்லாவற்றையும் சொல்லுங்கள். 'மருத்துவப் பரிசோதனையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்' என்று அடியில் எழுதுவதும் தட்டிக்கழிப்பு இல்லை. ஸ்லைடு பார்ப்பவர் 4 மில்லிமீட்டரைத்தான் பார்க்கிறார். மீதித் தோல் முழுதையும் பார்த்தவர் உங்கள் மருத்துவர்.

இன்னொருவரிடம் கருத்துக் கேட்க மறுபடி வெட்ட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். மெழுகுக் கட்டியில் திசு மீதமிருந்தால் பல ஆண்டுகளுக்குப் பிறகும் புதிதாகச் சீவல் எடுக்கலாம், வேறு சாயமும் ஏற்றலாம். சோதனைக்கூடத்தில் ஸ்லைடையும் கட்டியையும் எழுதிக்கொடுத்துக் கேளுங்கள், கூடவே முதல் அறிக்கையின் நகலையும், தோலின் புகைப்படம் இருந்தால் அதையும் எடுத்துப்போங்கள். இம்யூனோஃப்ளூரசன்ஸ் மட்டும் விதிவிலக்கு: ஃபார்மலினில் போன துண்டை வைத்து அதைச் செய்ய முடியாது, புதுத் துண்டுதான்.